நாவலின் ஓவர்டைம்: திருத்தும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை போகும் சாலையிலும் அதைச் சுற்றியும் ஒரு நாவலுக்கு வேண்டிய எல்லாமே கிடக்கின்றன. 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை ஓடத் தொடங்கியது. 2006இல் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் ஊர் திரும்பினார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் உடன் வேலை செய்தவர்கள் ஆஸ்பத்திரியில் கிடக்க, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏரியும் வயலுமாக இருந்த இடம் ஒரே தலைமுறையில் இப்படி ஆகியிருக்கிறது.

இந்தத் தடத்தில் பேருந்திலும் விடுதிக் கட்டிலிலும் உட்கார்ந்து போனில் கதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அனுபவப் பஞ்சம் கிடையாது. எழுதவும் தெரியும். பாதி நாவலும் முக்கால் நாவலும் கைவசம் இருக்கும். அதை முடிப்பதும், முடித்ததைத் திருத்தி ஒரு பதிப்பாளர் கையில் கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவருவதும்தான் நடப்பதில்லை.

சோம்பல் என்றும் ஒழுங்கின்மை என்றும் இதற்குச் சுலபமாகக் காரணம் சொல்லிவிடலாம். 1879இல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலிருந்து எண்ணினால் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு ஆகப்போகிற தமிழ் நாவல் வரலாறு வேறொரு காரணத்தைக் காட்டுகிறது. முதல் பிரதியைத் திருடிய நேரத்தில் எழுதிவிட முடியும். திருத்தத்துக்குத் தொடர்ச்சியான நேரம் வேண்டும். அந்த நேரத்தின் விலையை வாரப் பத்திரிகையோ குடும்பமோ பதிப்பகமோ எழுத்தாளரின் ஓய்வுக்காலமோ எப்போதும் கொடுத்தே வந்திருக்கிறது. யாரும் கொடுக்காதபோது பிரதி பெட்டிக்குள் போனது.

கெடு முடித்துவைத்த நாவல்கள்

தமிழ் நாவல்களை அதிகமாக முடித்துவைத்தது பத்திரிகைக் கெடு. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் மாதாமாதம் வந்தது. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. முடித்து மூன்றாண்டில் இறந்துபோனார். பத்திரிகை துரத்தியிராவிட்டால் அந்த நாவல் முடிந்திருக்குமா என்ற கேள்வி நியாயமானது.

அதே பத்திரிகையில்தான் அ. மாதவையாவின் 'சாவித்திரி சரித்திரம்' 1892இல் தொடங்கிப் பாதியில் நின்றது. மாதவையா அதை விட்டுவிடவில்லை. பல ஆண்டு கழித்துத் திருத்தி, 1903இல் 'முத்துமீனாக்ஷி' என்று புத்தகமாக்கினார். பெயர் மாறியது, வடிவம் மாறியது, பெண்ணே தன் கதையைச் சொல்லும் நாவலாக நின்றது. பாதியில் நின்ற தொடரை எடுத்துத் திருத்தி முடித்ததற்குத் தமிழில் கிடைக்கும் தொடக்ககால முன்மாதிரி இதுதான். அரசு உப்பு இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே அவர் இதைச் செய்தார்.

கெடுவின் உச்சம் கல்கி. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் 29இல் தொடங்கி 1954 மே 16 வரை வாரம் தவறாமல் வந்தது. ஐந்து பாகம், மூன்றரை ஆண்டு. இந்த முறையில் போன வாரத்து அத்தியாயத்தைத் திரும்ப வாங்கித் திருத்த வழி கிடையாது, அது ஏற்கனவே வாசகர் வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டது. நாவல் முடிந்ததும் பல பாத்திரங்களின் கதி தெரியவில்லை என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, யார் யாருக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று விளக்கினார். கதைக்குள் செய்ய முடியாத திருத்தத்தைக் கதைக்கு வெளியே செய்ததாகத்தான் அதைக் கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு டிசம்பர் 5இல் கல்கி இறந்தபோது அடுத்த தொடரான 'அமரதாரா' பாதியில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். அச்சுக்கூடமும் சந்தாதாரரும் காத்திருந்ததால் அந்த நாவலுக்கு முடிவு கிடைத்தது. பாரதியின் 'சந்திரிகையின் கதை'க்கு அப்படிக் கிடைக்கவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்ததோடு அது நின்றது. புதுமைப்பித்தன் தொடங்கிய 'அன்னை இட்ட தீ'யும் சில அத்தியாயங்களோடு சரி. மாதவையாவே 'பத்மாவதி சரித்திர'த்தின் மூன்றாம் பாகத்தைத் தம் 'பஞ்சாமிர்தம்' இதழில் எழுதிக்கொண்டிருந்தபோது 1925 அக்டோபரில் இறந்தார். அதுவும் முடியவில்லை.

கெடு உலகம் முழுதும் இப்படித்தான் வேலை செய்திருக்கிறது. 1866 அக்டோபரில், கடன் ஒப்பந்தத்தின் கெடுவுக்குப் பயந்து தஸ்தயேவ்ஸ்கி 'சூதாடி'யை 26 நாளில் சொல்லச் சொல்ல அன்னா என்ற இளம்பெண் சுருக்கெழுத்தில் எடுத்து முடித்தார். ஒப்பந்தம் காப்பாற்றப்பட்டது. சில மாதத்தில் இருவருக்கும் திருமணமும் நடந்தது.

கெடுவுக்கு நாவலை முடிக்கத் தெரியும். திருத்தத் தெரியாது. தொடராக வந்ததை அப்படியே எடுத்துப் புத்தகமாக அடிக்கும் வழக்கம் தமிழில் வேரூன்றியதற்கு இது ஒரு காரணம். வாரத்துக்கொரு திருப்பம், சென்ற வாரத்தை நினைவூட்டும் பத்தி, பக்கத்தை நிரப்ப வந்த வர்ணனை என்று தொடரின் தேவைகளெல்லாம் புத்தகத்திலும் தங்கிவிட்டன.

தொடர் நின்றுபோனதால் பிழைத்த நாவலும் உண்டு. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' முதலில் வ. விஜயபாஸ்கரனின் 'சரஸ்வதி'யில் சில அத்தியாயங்கள் வந்து நின்றது. புத்தகமாக வந்தது 1966இல். நாகர்கோவிலில் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்த எழுத்தாளருக்கு இடையில் கிடைத்த ஆண்டுகளில் துரத்துகிற ஆசிரியர் இல்லை. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னுமாக ஓர் ஊர் மாறுவதை ஒரு மரத்தடியில் நின்று பார்க்கும் அந்தக் கட்டுக்கோப்பு, வாரத் தொடரில் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

வேலைக்குப் போகிறவர்களின் கணக்கு

அறுபதாயிரம் சொற்கள் கொண்ட நாவல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு முந்நூறு சொல் எழுதினால் இருநூறு நாளில் முடிந்துவிடும். முந்நூறு சொல் என்பது கம்பெனி பஸ்சில் போகவர ஆகும் நேரத்தில் போனில் தட்டிவிடக்கூடிய அளவு. முதல் பிரதிக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும்.

திருத்தத்துக்கு ஒத்துவராது. நாவலைத் திருத்துகிறவர் முந்நூறு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தலையில் வைத்திருக்க வேண்டும். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு காட்சியை வெட்டினால் இருபத்திரண்டில் எது விழும் என்று தெரிய வேண்டும். அதற்கு நாலைந்து நாளாவது அடுத்தடுத்துக் கிடைக்க வேண்டும். ஒரு வாரம் ஏ ஷிப்ட், மறுவாரம் பி, அதற்கடுத்த வாரம் சி என்று மாறுகிறவரின் தூக்கமே ஒழுங்குக்கு வருவதற்குள் அடுத்த ஷிப்ட் வந்துவிடும். வாரவிடுமுறையில் ஓ.டி. கூப்பிட்டால் போகாமல் இருக்கவும் முடியாது, ஊருக்கு அனுப்பும் பணம் அதில்தான் இருக்கிறது. கான்ட்ராக்டில் இருப்பவருக்கு ஆறு மாதம் கழித்து எந்த ஊரில் வேலை என்பதே நிச்சயமில்லை.

பிராக் நகரில் வேலை பார்த்த காஃப்காவின் கதை இவர்களுக்குப் பழக்கமானதாகத் தோன்றும். அவர் வேலை செய்தது தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில். ஆலை இயந்திரங்களில் விரல் போனவர்களின் கோப்புகளைப் பகலில் பார்த்தார், இரவில் எழுதினார். சிறுகதைகளை முடித்தார். நாவல் மூன்றும் முடியாமலே நின்றன.

தமிழில் ப. சிங்காரம் இன்னும் பொருத்தமான உதாரணம். பதினெட்டு வயதில் 1938இல் இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர், போருக்குப் பின் 1946இல் திரும்பினார். மதுரை தினத்தந்தியில் நாற்பதாண்டு வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனி வாழ்க்கை. முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' 1950இல் எழுதப்பட்டது. கலைமகள் போட்டியில் பரிசு வாங்கிய பிறகு 1959இல்தான் வெளியானது. அடுத்தது 'புயலிலே ஒரு தோணி', 1962 வாக்கில் எழுதி முடித்தார். அச்சில் வந்தது 1972இல். அதோடு நிறுத்திக்கொண்டார்.

இன்று தமிழின் பெரிய நாவல்களில் ஒன்றாகக் கொண்டாடப்படும் பிரதி பத்தாண்டு கையெழுத்தில் கிடந்தது. அவருக்கு விடுதி அறையும் மாதச் சம்பளமும் இருந்தன, குடும்பச் சுமை இல்லை. எழுதி முடிக்க அது போதுமாக இருந்தது. மூன்றாவது நாவல் எழுதவைக்க அது போதவில்லை. வெளியிட ஆளின்றி ஒரு பிரதி பத்தாண்டு காத்திருந்தால் அடுத்த பிரதியைத் தொடங்க யாருக்குத்தான் கை வரும்?

அசோகமித்திரன் மறுபக்கத்துக்குப் போனார். ஜெமினி ஸ்டுடியோ வேலையை 1966இல் விட்டு, எழுத்தையே நம்பி இறங்கினார். வீட்டில் இடமும் அமைதியும் போதாமல் தியாகராய நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியது இலக்கிய உலகில் பலமுறை பேசப்பட்ட செய்தி. 'கரைந்த நிழல்கள்', 'தண்ணீர்', '18வது அட்சக்கோடு' எல்லாம் வேலையை விட்ட பிறகு வந்தவை. அவர் வாங்கிய நேரத்துக்கு விலை கொடுத்தது அவருடைய குடும்பம்.

பலருக்கு அந்த நேரம் ஓய்வுக்குப் பிறகுதான் கிடைத்திருக்கிறது. வழக்கறிஞராக இருந்த டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றிய 'தோல்' நாவலை 2010இல் கொண்டுவந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். 2012இல் அதற்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. சி.சு. செல்லப்பா 'சுதந்திர தாக'த்தின் மூன்று பாகத்தையும் 1997இல், எண்பத்தைந்து வயதில், தாமே அச்சிட்டார். அடுத்த ஆண்டு இறந்தார். 2001இல் அகாடமி விருது வந்தபோது வாங்க அவர் இல்லை.

ஆக, நாவல் முடிய ஓய்வூதியக் காலம் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்தக் காலமும் கிடையாது. காலம் தாழ்வதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. திருப்பூரின் பனியன் தொழில் 1980களிலேயே பெருகிவிட்டது. சாயக்கழிவைப் பேசும் சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' வந்தது 1998இல், எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' 2004இல். அந்த இடைவெளி நாவலுக்கு ஆழம் தந்திருக்கலாம். ஆனால் அதற்குள் பல நினைவுகளும் பேச்சுவழக்குகளும் போய்விட்டிருக்கும்.

வேறொருவர் கண்

ஸ்ரீபெரும்புதூர்க்காரர் ஒருவரைப் பற்றிய பழைய கதை இங்கே பொருந்தும். இவ்வூரில் பிறந்த ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்லச் சொல்ல, காஞ்சிக்குப் பக்கத்துக் கூரத்தைச் சேர்ந்த கூரத்தாழ்வான் ஏட்டில் எழுதினார் என்று வைணவ குருபரம்பரை சொல்கிறது. ஒரு நிபந்தனை இருந்தது. சொல்வது சித்தாந்தத்துக்கு ஒவ்வாததாகப் பட்டால் எழுத்தாணியை நிறுத்திவிட வேண்டும். ஆன்மாவின் இலக்கணத்தைச் சொல்லும் இடத்தில் கூரத்தாழ்வான் நிறுத்தினார். ராமானுஜருக்குக் கோபம் வந்தது. எழுதச் சொல்லியும் அவர் எழுதவில்லை. பிறகு யோசித்துப் பார்த்து ராமானுஜர் தம் சொல்லைத் திருத்திக்கொண்டார்.

வரலாறா, ஐதீகமா என்பது வேறு விஷயம். எழுதுகிறவருக்கு எதிரில் உட்கார்ந்து "இது சரியில்லை" என்று கையை நிறுத்தும் ஒருவர் வேண்டும் என்பதை இந்த மண் வெகுகாலத்துக்கு முன்பே அறிந்திருக்கிறது. இன்றைய பதிப்புலகம் அவரை எடிட்டர் என்கிறது. தமிழில் அந்த நாற்காலி பெரும்பாலும் காலி.

அதற்கு விதிவிலக்காக எல்லோரும் சொல்லும் பெயர் 'க்ரியா' ராமகிருஷ்ணன். 1974இல் சென்னையில் க்ரியாவைத் தொடங்கி, 2020 நவம்பரில் கோவிட் தொற்றால் இறக்கும்வரை, எழுத்தாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பிரதியைப் பார்க்கும் வழக்கத்தை விடாமல் வைத்திருந்தார். விருத்தாசலம் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த இமையத்தின் முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்' 1994இல் அங்கிருந்து வந்தது. பூமணியின் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய 'அஞ்ஞாடி' 2012இல் வந்ததும் அங்கிருந்தே. வருடத்துக்குச் சில புத்தகங்களோடு நிறுத்திக்கொண்டதால்தான் அந்த அளவு நேரம் செலவிட முடிந்தது. வியாபாரக் கணக்கில் அது நஷ்டம்.

ஆர்.கே. நாராயணுக்கு அந்தக் கண் கிரகாம் கிரீனிடமிருந்து கிடைத்தது. லண்டனில் பதிப்பகம் பதிப்பகமாகத் திரும்பி வந்த முதல் நாவலின் பிரதியைக் கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி நாராயண் நண்பருக்கு எழுதினார். நண்பர் அதை கிரீனிடம் கொடுத்தார். கிரீன் தலைப்பை மாற்றச் சொன்னார், ஆசிரியர் பெயரைச் சுருக்கச் சொன்னார், பதிப்பாளரையும் பிடித்துக்கொடுத்தார். 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' வெளிவந்தது. அடுத்த பல நாவல்களையும் கிரீன் பார்த்துக்கொடுத்தார்.

ஹார்ப்பர் லீயின் கதையில் நேரமும் கண்ணும் சேர்ந்தே கிடைத்தன. நியூயார்க்கில் விமான நிறுவனத்தில் டிக்கெட் பதிவு வேலை பார்த்தவருக்கு 1956 கிறிஸ்துமஸில் நண்பர்கள் ஒரு தம்பதி ஓராண்டுச் சம்பளத்துக்கான பணத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். எழுதிய நாவலை வாங்கிய பதிப்பகத்தில் டே ஹோஹாஃப் என்ற பெண் எடிட்டர் அதைத் திரும்பத் திரும்ப எழுதவைத்தார். இரண்டாண்டுக்கு மேல் ஆனது. வளர்ந்த பெண் ஊர் திரும்பும் கதை சிறுமியின் கண்ணால் பார்க்கும் கதையாக மாறி, 1960இல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' ஆனது. பழைய பிரதி 2015இல் தனியாக அச்சானபோது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது.

வீட்டுக்குள் நடக்கும் உழைப்பு பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. 'போரும் அமைதியும்' எழுதப்பட்ட ஆண்டுகளில் டால்ஸ்டாயின் கிறுக்கலை வாசித்துப் படியெடுத்தவர் மனைவி சோஃபியா. டால்ஸ்டாய் அதன் மேல் மறுபடி அடித்துத் திருத்துவார், அவர் மறுபடி படியெடுப்பார். பெண் எழுத்தாளருக்கு இப்படிப் படியெடுத்துக் கொடுத்த கணவர்கள் இலக்கிய வரலாற்றில் மிகக் குறைவு.

மேசையில் நடப்பது

திருத்தம் என்றதும் ஒற்றுப்பிழை பார்ப்பது நினைவுக்கு வரும். அது கடைசி வேலை. அதை முதலில் செய்கிறவர் முதல் மூன்று அத்தியாயத்தை முப்பது முறை மெருகேற்றி, நாலாவதுக்குப் போகாமலே சலித்துவிடுவார். அனுபவமுள்ளவர்கள் பெரியதிலிருந்து சிறியதற்கு வருவார்கள். முதலில் கதையின் போக்கையும் எந்த அத்தியாயம் தேவையே இல்லை என்பதையும் பார்ப்பார்கள். அடுத்து காட்சியும் பேச்சும். வாக்கியமும் எழுத்துப்பிழையும் அதற்குப் பிறகுதான்.

தமிழ் நாவலுக்கென்றே சில பொறிகள் இருக்கின்றன. முதல் அத்தியாயத்தில் 'அவர்' என்று சொல்லப்பட்ட சூப்பர்வைசர் இருபதாம் அத்தியாயத்தில், கதாசிரியருக்கு அவர்மேல் கோபம் வந்ததால், காரணமின்றி 'அவன்' ஆகிவிடுவார். திருவண்ணாமலையிலிருந்து வந்த பெண்ணும் தூத்துக்குடியிலிருந்து வந்த பையனும் ஒரே பேச்சுவழக்கில் பேசுவார்கள். லைனுக்குள் போன் அனுமதி இல்லாத கம்பெனி என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியவர், பதினான்கில் கதாநாயகி லைனில் நிற்கும்போதே அவள் போனை அடிக்கவைப்பார். போனில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிழைகள் கூடுதல். திரையில் ஒரு நேரத்தில் பத்து வரிதான் தெரியும். ஜெராக்ஸ் கடையில் முழுப் பிரதியையும் பிரிண்ட் எடுத்துத் தரையில் பரப்பிப் பார்ப்பது இன்றும் பயனுள்ள வழி.

வாக்கிய மட்டத்தில் திருத்தம் எப்படி இருக்கும் என்பதற்கு, இத்தடத்தில் நடக்கும் கற்பனை நாவல் ஒன்றிலிருந்து ஓர் உதாரணம். முதல் பிரதி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"அதிகாலையிலேயே எழுந்து குளித்து முடித்த செல்வி, தன் குடும்பத்தின் வறுமையையும் செய்யாறில் தனக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் அம்மாவையும் நினைத்துக் கண்கலங்கியபடி கம்பெனி பஸ்சுக்காகக் காத்திருந்தாள்."

திருத்திய பிரதி:

"பஸ் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. செல்வி போனை எடுத்து அம்மாவின் நம்பர் வரை போனாள். மணி ஐந்தரை. வைத்துவிட்டாள்."

வறுமை போய்விட்டது, கண்ணீர் போய்விட்டது, செய்யாறும் போய்விட்டது. செய்யாறு வேறொரு இடத்தில் வரலாம். எழுதியவருக்கு அந்த மூன்றும் உண்மையில் பட்ட வலி, அதனால்தான் அவற்றை வெட்டக் கை வராது. இந்த ஒரு வாக்கியத்தை மாற்ற அரைமணி ஆகியிருக்கும். ஒரு நாவலில் இப்படி ஆயிரம் வாக்கியம் இருக்கும். திருத்தத்தின் நேரக்கணக்கு இங்கேதான் எகிறுகிறது.

ராஜம் கிருஷ்ணன் இந்தச் சிக்கலை வேறு வழியில் குறைத்தார். எழுதுவதற்கு முன்பே களத்துக்குப் போய்த் தங்கினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' 1979இல் வந்தது. வேலையின் பெயர்களும் கூலி முறையும் முன்கூட்டியே கைக்கு வந்துவிட்டால் பின்னால் திருத்த வேண்டிய தகவல் பிழை குறையும். ஆலைக்குள்ளேயே இருக்கிற தொழிலாளி எழுத்தாளருக்கு இந்த வசதி பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது.

எங்கே நிறுத்துவது

முடியாத நாவலைப் போலவே முடிக்க மனம் வராத நாவலும் ஒரு பிரச்சினை. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்து பெரும் சர்ச்சையானது. மழைநாளில் ஏமாற்றப்பட்டு வந்த மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொள்கிறாள். அப்படி ஏற்காமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எதிர்முடிவை எடுத்துக்கொண்டு அவரே ஒரு நாவல் எழுதினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று தொடராக வந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று புத்தகமாகி, 1972இல் அகாடமி விருது பெற்றது. ஒரு முடிவைத் திருத்தியதில் தனி நாவலே கிடைத்தது.

பெருமாள்முருகன் 2010இல் 'மாதொருபாக'னின் முடிவைத் திறந்தே விட்டார். 2014இல் அதற்கு ஒன்றல்ல, இரண்டு தொடர்ச்சி எழுதினார். 'ஆலவாய'னில் காளி இறந்துவிடுகிறான், 'அர்த்தநாரி'யில் உயிரோடு இருக்கிறான். எந்த முடிவு சரி என்று பல எழுத்தாளர்கள் ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் அவர் இரண்டையும் எழுதி வெளியிட்டார்.

கெடுவுக்குத் திருத்தத் தெரியாது, அதற்குக் கூலி கொடுத்த எடிட்டர் வேண்டும் என்ற வாதத்துக்கு ஜெயமோகனின் 'வெண்முரசு' எதிர்ச்சான்று. 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை இணையத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயம் வெளியிட்டு, மகாபாரதத்தை 26 நாவல்களாக முடித்தார். கெடுவை அவரே வைத்துக்கொண்டார். பிழை பார்க்கும் வேலையை நண்பர்களும் வாசகர்களும் ஏற்றார்கள். சம்பளமில்லா வாசகர் குழுவே எடிட்டர் மேசையின் ஒரு பகுதியைச் செய்ய முடியும் என்று அது காட்டியது. இருபத்தைந்து ஆண்டு எழுத்துப் பழக்கமும் தயாரான வாசகர் வட்டமும் உள்ளவருக்கு வாய்த்தது, முதல் நாவல்காரருக்கு வாய்ப்பது கடினம்.

காசும் காலமும்

தமிழ்ப் பதிப்பில் இன்று நாவலை முடித்துவைக்கும் பெரிய சக்தி ஜனவரி மாதச் சென்னைப் புத்தகக் காட்சி. நவம்பரிலும் டிசம்பரிலும் பதிப்பகங்களுக்குப் பிரதிகள் குவியும். அட்டை தயாராகும்போதே மெய்ப்பு பார்க்கப்படும். வாரப் பத்திரிகையின் கெடு போய் வருடக் கெடு வந்திருக்கிறது. முடிப்பது நடக்கிறது, திருத்தம் அதேபோல நசுங்குகிறது. சில நூறு படிகளே அச்சாகும் நாவலுக்கு எடிட்டர் சம்பளம் கட்டுப்படியாகாது என்று பதிப்பாளர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

அரசு உதவி உண்டு. தமிழ் வளர்ச்சித் துறையும் ஆதிதிராவிடர் நலத் துறையும் நூல் வெளியிட நிதியுதவி தருகின்றன. அவை அச்சுச் செலவை மனதில் வைத்தவை. அச்சுக்கு முந்தைய காலத்துக்கு உதவிய முன்மாதிரி பெங்களூரின் இந்தியக் கலை அறக்கட்டளை. 'அஞ்ஞாடி', 'மாதொருபாகன்' இரண்டுக்கும் பின்னால் அதன் நல்கை இருந்தது. பூமணிக்கு அது கள ஆய்வுக்குப் பயன்பட்டது, கூட்டுறவுத் துறை வேலைக்காலம் முடிந்த பின் அவருக்கு நேரமும் இருந்தது. இரண்டு நல்கையில் தமிழுக்கு இரண்டு முக்கியமான நாவல்கள் கிடைத்ததைப் பார்த்தால் இதைவிட மலிவான இலக்கிய முதலீடு கிடையாது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடத்துக்கு வேண்டியதும் இதுவே. எழுத்துப் பயிலரங்கமும் பாராட்டு விழாவும் நடக்கட்டும், அவை முதல் பிரதிக்குத் தெம்பு தரும். அதன் பிறகு, முடித்த பிரதி வைத்திருக்கும் தொழிலாளி எழுத்தாளருக்கு மூன்று மாதச் சம்பளத்தை ஈடுகட்டும் நல்கையும், அதே மூன்று மாதத்துக்கு ஓர் எடிட்டருக்குக் கூலியும் தேவை. தொழிற்சங்கங்களும் நூலக ஆணைக்குழுவும் எழுத்தாளர் அமைப்புகளும் சேர்ந்தால் வருடத்துக்கு இரண்டு பேருக்காவது செய்ய முடியும். பதிப்பகங்கள் புத்தகக் காட்சிக்கான நாவல் பிரதிகளை ஆகஸ்டோடு வாங்கி நிறுத்திக்கொண்டால் மீதி மாதங்கள் திருத்தத்துக்குக் கிடைக்கும்.

அதுவரை, போனில் முக்கால் நாவல் வைத்திருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதல் அத்தியாயத்தை மறுபடி திறக்காமல் மீதியை எழுதி முடித்துவிட்டு, முழுவதையும் காகிதத்தில் எடுத்து, பாராட்டும் நண்பரை விட்டுவிட்டு, பிடிக்காத இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கும் ஒருவரிடம் கொடுங்கள்.